1925 என்று எழுதியது பிழை

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகளைப் பற்றி நான் அப்போது பணியாற்றிய பத்திரிகையின் ஞாயிறு மலரில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். காங்கேசன்துறைக்கும் மயிலிட்டிக்கும் இடையில் இருந்த ஒரு தேநீர்க் கடையைப் பற்றி அதில் ஒரு பந்தி வந்தது. 1925ஆம் ஆண்டிலேயே அக்கடையில் கொக்கா கோலா விற்கப்பட்டது என்பதற்கு அங்கே மண்ணில் இருந்து கிடைத்த ஓர் இரும்புத் துண்டு சான்று என்று அந்தப் பந்தியை முடித்திருந்தேன். அது பிழை. பத்திரிகையில் விட்ட பிழையைப் பத்திரிகையிலேயே திருத்துவதுதான் முறை. ஆனால் நான் அங்கிருந்து விலகி விட்டேன். இத்தனை ஆண்டுகள் கழித்து ஒரு தேநீர்க் கடைக்காக எந்த ஆசிரியரும் திருத்தம் வெளியிட இடம் ஒதுக்கமாட்டார். ஆகையால் இங்கே எழுதுகின்றேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் கடை என் தாயாரின் தந்தையாருடையது. நாங்கள் அவரை அப்பு என்று அழைப்போம். கட்டுரையில் இதை நான் சொல்லவில்லை. மூன்றாம் மனிதனைப் போல 'ஒரு கடை' என்று எழுதிவிட்டுக் குடும்பப் பெருமையை மட்டும் உள்ளே சேர்த்துக்கொண்டேன். நீண்ட காலம் செய்தியாளனாக இருந்தவனுக்கு இது தெரியாத பிழையன்று.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது எங்கள் ஊர் வெளியேறியது. இரண்டு கிழமையில் திரும்பி விடலாம் என்று எண்ணிக் கடையைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு அப்பு நடந்தார். அவர் திரும்பவில்லை. பலாலித் தளத்தைச் சுற்றிய ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாகின. மயிலிட்டித் துறைமுகமும் அதை ஒட்டிய நிலமும் 2017 ஜூலை 3ஆம் திகதி விடுவிக்கப்பட்டன; எங்கள் காணிக்குள் கால் வைக்க அந்த ஆண்டின் கடைசியில்தான் முடிந்தது. சின்னமாமாவும் நானும் போனோம். வீடும் இல்லை, வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. கிணறு மாத்திரம் இருந்தது. கிணற்றுக் கட்டில் இருந்து காலடியால் அளந்துகொண்டு போன மாமா ஓரிடத்தில் நின்று, பற்றையை விலக்கி, உடைந்த சீமெந்துத் தரையைக் காட்டினார். கடை அதுதான்.

தரைக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் குவியல் கிடந்தது. மிதிவெடி அகற்றியவர்கள் தோண்டி எடுத்து ஒதுக்கி விட்டுப் போனவை அவை. ஆணிகள், கூரைத் தகரத் துண்டுகள், ஒரு பிணைச்சல், கறள் பிடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போன சோடா மூடிகள். மூடிகளே அதிகம்; அரைச் சாக்கு தேறும். மாமா குந்தியிருந்து கிளறினார். அப்போதுதான் அது கைக்கு வந்தது.

பின்னர் முகமாலைப் பக்கம் செய்திக்காகப் போயிருந்தபோது, மிதிவெடி அகற்றும் பணியில் இருந்த ஒரு பெண் எனக்கு அந்த வேலையை விளக்கினார். பிளாஸ்ரிக் உடல் கொண்ட மிதிவெடிக்குள் உலோகம் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்திற்கும் சத்தமிடும்படி கருவியைக் கூர்மையாக வைத்திருந்தால், ஆணிக்கும் சோடா மூடிக்கும் அதே சத்தம்தான் வரும். வெடியா மூடியா என்பது மண்ணை விலக்கிய பிறகே தெரியும். சத்தம் வந்த புள்ளிக்கு மேலே நேராகத் தோண்டக்கூடாது; சற்று முன்னே தொடங்கிப் பக்கவாட்டில் சிறிது சிறிதாக நெருங்கவேண்டும். ஒவ்வொரு மூடிக்கும் அதே ஒழுங்கு, அதே அச்சம். எங்கள் காணியில் அரைச் சாக்கு மூடிகள் கிடந்தன என்று சொன்னேன். "உங்கடை காணியிலை வேலை செய்தவை உங்களை நல்லாய்த் திட்டியிருப்பினம், ஐயா" என்றார்.

உலோகம் காட்டும் கருவியை எடுத்துக்கொண்டு வயலில் நடப்பது இங்கிலாந்தில் ஓய்வுநாள் பொழுதுபோக்கு. அப்படிக் கிடைப்பவற்றைப் பதிவுசெய்ய 1997 முதல் அங்கே ஒரு திட்டமே நடக்கின்றது. இங்கே அந்தக் கருவி இருப்பது மிதிவெடி அகற்றுபவர்களிடம்; மற்றவர்களிடம் இருந்தால் அவர்கள் பெரும்பாலும் புதையல் தேடுபவர்கள். அனுமதியின்றிப் பழம்பொருள் தேடித் தோண்டுவதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் குற்றமாக்கியது. எது பழம்பொருள் என்பதற்கு அச்சட்டம் எடுத்துக்கொண்ட எல்லை கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான 1815 மார்ச் 2ஆம் திகதி. அந்த நாளுக்கு முந்தியதென்றால் மதிப்பு. பிந்தியதென்றால் பழைய இரும்பு, கிலோ என்ன விலை என்று கேட்பார்கள். எங்கள் அப்புமாரின் முழு வாழ்வும் அந்த எல்லைக்கு இந்தப் பக்கத்தில்தான் நடந்து முடிந்தது.

மாமாவின் கைக்கு வந்தது சோடாப் போத்தலின் மூடியை நெம்பிக் கழற்றும் ஓப்பினர். கையில் பிடித்துத் திறக்கும் வகையன்று. சுவரிலோ நிலையிலோ பூட்டிவைக்கும் வகை. உள்ளங்கை அளவான வார்ப்பிரும்பு. மேலும் கீழும் திருகாணிக்கான துளைகள். நடுவில் ஒரு வாய். போத்தலின் தலையை அதற்குள் கொடுத்துக் கீழே அமர்த்தினால் மூடி கழன்று விழும். முன்பக்கத்தில் உலகம் அறிந்த அந்தச் சரிந்த ஆங்கில எழுத்தில் கொக்கா கோலா என்பது தேய்ந்தும் தெரிந்தது. கீழே சிறிய எழுத்தில் 'ஏப்ரல் 1925' என்று இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சொல் கறளுக்குள் மூழ்கியிருந்தது. மாமா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஆண்டை வாசித்தார். நானும் வாசித்தேன். இருவருக்கும் அதற்கு மேல் எதுவும் வாசிக்கத் தோன்றவில்லை. அடுத்த மாதம் கட்டுரை வந்துவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் மாமாவின் மகள் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதாக அறிந்தேன்.

கடந்த ஆண்டு மாமா அந்தத் தரைக்கு மேல் மீண்டும் ஒரு சிறு கடை எழுப்பத் தொடங்கினார். மகள் பணம் அனுப்பினாள். பெயர்ப் பலகையில் 'நிறுவியது 1925' என்று போடவேண்டும் என்பது அவளுடைய விருப்பம். நூற்றாண்டு விழாக் கடை அல்லவா! வாசகத்தைப் பார்த்துச் சொல்லும்படி மாமா என்னைக் கேட்டார். அதே கிழமை, காணிப் பத்திரங்களை ஒழுங்குபடுத்தியபோது அப்புவின் பிறப்புச் சான்றிதழின் பிரதி என் கண்ணில் பட்டது. அவர் பிறந்தது 1921. 1925 ஏப்ரலில் அவருக்கு நான்கு வயதும் நிரம்பியிருக்கவில்லை.

மாமாவிடம் சொன்னேன். அவர் அசையவில்லை. "அப்பு இல்லாட்டி அப்புவின்ரை தேப்பன் துவங்கியிருப்பார், தம்பி. கடை கடைதானே" என்றார். பூட்டனார் காலியில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துப் புகையிலையும் சுருட்டும் தெற்கே போன காலம் அது. ஆண்கள் அங்கே கடையில் படுத்துறங்கி வருடத்திற்கு இரண்டொரு முறை ஊருக்கு வருவார்கள். காலியில் இருந்தவர் அதே நேரத்தில் மயிலிட்டி வீதியில் கொக்கா கோலா விற்றார் என்றால் அவருக்கு இரண்டு உடல் இருந்திருக்கவேண்டும். மேலும் காணி உறுதியில் ஆண்டு 1951 என்று இருக்கின்றது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. முறை மாறி வேலைக்குப் போகும் ஆட்களுக்குத் தேநீர் தேவை. அப்பு காணி வாங்கிய காரணம் அந்த ஒற்றை ஆண்டு இடைவெளியிலேயே தெரிகின்றது.

அப்படியானால் இரும்பு பொய் சொல்கின்றதா?

இரும்பை மீண்டும் எடுத்தேன். இரண்டு நாட்கள் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பற்தூரிகையால் தேய்த்தேன். ஆண்டுக்கு முன்னால் மூழ்கியிருந்த சொல் வெளிவந்தது. 'காப்புரிமை பெற்றது' என்பதே அதன் பொருள். தேய்க்கத் தேய்க்க வேறு எழுத்துகளும் வந்தன. அமெரிக்காவில் செய்தது, வேர்ஜினியா மாநிலம், நியூபோர்ட் நியூஸ் நகரம், பிறவுண் கொம்பனி. அதன் பிறகு, முதற் பார்வையில் கீறல்கள் என்று நான் நினைத்த இடத்தில், ஏழு இலக்கங்கள்: 2333088.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். கரையில் பற்கள் உள்ள அந்தத் தகர மூடி பல்ரிமோர் நகரத்து வில்லியம் பெயின்ரர் என்பவரின் கண்டுபிடிப்பு. 1892இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். முடி போன்ற உருவம் என்பதால் ஆங்கிலத்தில் அதற்குக் கிரவுண் கோர்க் என்று பெயர். உள்ளே மெல்லிய தக்கை வைத்து, விளிம்பை 24 பற்களாக மடித்துக் கண்ணாடியில் இறுக்குவார்கள். பின்னாளில் அது 21 பற்களாகியது. என் மேசையில் உள்ளவற்றை எண்ணினேன், 21தான். மூடியை இறுக்கியவருக்கு அதைத் திறப்பதற்கும் ஒரு வழி வேண்டுமல்லவா? 1894இல் திறக்கும் கருவிக்கும் அவரே காப்புரிமை எடுத்தார். இந்தப் பெயின்ரரின் கொம்பனியில் விற்பனையாளராக இருந்த ஒருவரிடம், ஒருமுறை பாவித்து எறிந்து விட்டுத் திரும்பவும் வாங்கும்படியான ஒரு பொருளைக் கண்டுபிடி என்று அவர் சொன்னாராம். கேட்டவர் கிங் ஜில்லெற். சவர அலகு அப்படித்தான் பிறந்தது என்பார்கள்.

அதற்கு முன்னர் சோடா என்றால் போளை போட்ட போத்தல். லண்டனைச் சேர்ந்த ஹைரம் கொட் 1870களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. போத்தலின் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிப் போளை. உள்ளேயுள்ள வாயு அதை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் கோலி சோடா என்றால் எல்லோருக்கும் தெரியும். பெருவிரலாலோ ஒரு மரக்குற்றியாலோ போளையைக் கீழே அமத்தினால் சத்தத்தோடு திறக்கும். ஓப்பினர் தேவையே இல்லை. 'சோடா உடைக்கிறது' என்று நாங்கள் இன்றும் சொல்வதில் அந்தச் சத்தந்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றதோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

தகர மூடியில் ஒரு தொல்லை இருந்தது. அவசரத்தில் நெம்பினால் போத்தலின் விளிம்பு சிதறும். போத்தலைக் கழுவித் திரும்ப நிரப்பும் கொம்பனிக்கு அது நட்டம். குடிப்பவன் வாய்க்குள் கண்ணாடி போவது வேறு. விளிம்பைச் சிதறவிடாமல் மூடியை மட்டும் பிடித்து இழுக்கும் சுவர் ஓப்பினருக்கு 1925 ஏப்ரலில் அமெரிக்காவில் காப்புரிமை பதிவானது. நியூபோர்ட் நியூஸில் கொக்கா கோலாவைப் போத்தலில் அடைத்து விற்ற பிறவுண் என்பவரின் நிறுவனம் அதை வார்த்தது. ஸ்ரார் எக்ஸ் என்பது அதன் வணிகப் பெயர். கடைக்காரர்களின் சுவர்களுக்காக அது இலட்சக்கணக்கில் போயிற்று. அடுத்தடுத்த தசாப்தங்களில் வார்க்கப்பட்டவற்றிலும் 'ஏப்ரல் 1925' தொடர்ந்து இருந்தது.

காப்புரிமை ஆண்டு பொருள் பிறந்த ஆண்டு அன்று. அதற்கு முன்னர் அப்பொருள் இருந்திருக்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்கின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தபோது இதே பாடத்தை நாணயங்களை வைத்துச் சொல்லித் தந்தார்கள். கந்தரோடையில் உரோம நாணயம் கிடைத்தது என்றால் அந்த மண்படை அந்த நாணயத்தை அச்சிட்ட ஆண்டுக்கு உரியது என்று எழுதிவிடக்கூடாது. நாணயம் எத்தனையோ காலம் கைமாறியபின் விழுந்திருக்கலாம். பரீட்சையில் இதை எழுதி நல்ல புள்ளி வாங்கியவன் நான். சொந்தக் கடை என்றதும் மறந்துபோயிற்று.

இனி அந்த ஏழு இலக்கங்கள். அமெரிக்கக் காப்புரிமைகள் 1836 முதல் ஒரே வரிசையில் இலக்கமிடப்பட்டு வருகின்றன. ஆகையால் இலக்கம் தெரிந்தால் ஆண்டு தெரியும். 1925ஆம் ஆண்டின் இலக்கங்கள் 15 இலட்சத்து 21 ஆயிரத்தில் தொடங்குகின்றன. 1943ஆம் ஆண்டினுடையவை 23 இலட்சத்து 7 ஆயிரத்தில் தொடங்கி 23 இலட்சத்து 38 ஆயிரத்தில் முடிகின்றன. 23 இலட்சத்து 33 ஆயிரம் என்பது 1943இன் கடைசிப் பகுதி. எங்கள் வார்ப்பில் இரண்டும் இருக்கின்றன: பழைய காப்புரிமையின் ஆண்டும் திருத்திய வடிவத்தின் இலக்கமும். ஆக, 1943க்கு முன்னர் இந்த இரும்பு உலகத்திலேயே இல்லை.

மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப அது சண்டைக் காலத்துச் சாமான். பலாலியிலை வெள்ளைக்காரன் நிண்டவன்தானே" என்றார். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பலாலி விமான ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படை அமைத்ததே. படைமுகாம் கலைந்தபோது அங்கிருந்த தகரமும் மரமும் பல வீடுகளுக்கு வந்தன என்று எங்கள் பகுதியில் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றேன். எங்கும் போரிட்ட அமெரிக்கப் படைக்குப் பின்னால் கொக்கா கோலாவும் போனது. ஒரு முகாமின் உணவுக்கூடச் சுவரில் இருந்து இந்த ஓப்பினர் அப்புவின் கடைக்கு வந்திருக்கலாம். வந்திருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. வந்தது என்று எழுதினால் அது 2018இல் செய்ததைத் திரும்பச் செய்வதாகும்.

கொக்கா கோலா இலங்கையில் வியாபாரத்தைத் தொடங்கியது 1961இல். அயலில் இந்தியாவுக்கு அதற்குமுன்பே, 1950இல், போய்விட்டது. கொம்பனி ஓர் ஊருக்குள் வரும்போது பானத்தை மட்டும் கொண்டு வருவதில்லை. பலகை, பெட்டி, சுவர் ஓப்பினர் எல்லாம் சேர்ந்தே கடைக்காரனுக்கு வரும். 1961க்குப் பின்னர் ஒரு லொறியில் வந்தது என்பது, போர் முகாமில் இருந்து தப்பி வந்தது என்பதைவிட எளிய விளக்கம்.

மூடிகளையும் பார்த்தேன். உட்புறத்தில் தக்கை இருந்த மூடிகளை விட்டு, பிளாஸ்ரிக் படலம் பூசிய மூடிகளுக்குக் கொம்பனிகள் மாறியது 1960களில். எங்கள் குவியலில் பிரித்தெடுக்க முடிந்தவற்றில் பல பிளாஸ்ரிக் படலம் உள்ளவை. தக்கை ஒன்றும் இல்லை. இதை வைத்துத் தீர்ப்புக் கூற முடியாது. தக்கை மண்ணில் உக்கிப்போகும், பிளாஸ்ரிக் போகாது. அதோடு அந்தக் குவியல் குவியலாகிவிட்டது. எது எந்த ஆழத்தில், எதற்கு மேலே கிடந்தது என்பது தோண்டியவர்களுக்கே தெரியாது. தெரிந்துகொள்வது அவர்களின் வேலையும் அன்று. 1980இல் ஆனைக்கோட்டையில் பல்கலைக்கழகக் குழுவினர் எடுத்த முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். பெருங்கற்காலத்து அடக்கம் ஒன்றோடு சேர்ந்து கிடைத்ததால்தான் அது வரலாறு பேசுகின்றது. யாரோ ஒருவரின் சட்டைப் பையில் இருந்து கிடைத்திருந்தால் எவ்வளவு பேசியிருக்கும்?

மூடிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு நினைவும் வந்தது. சிறுவயதில் நாங்கள் அந்த மூடிகளைப் பொறுக்கிக் காங்கேசன்துறைத் தண்டவாளத்தில் வரிசையாக வைத்துவிட்டு ரெயின் வரக் காத்திருப்போம். சில்லு ஏறித் தட்டையான மூடியில் இரண்டு துளையிட்டு நூல் கோத்து இழுத்தால் விர் என்று சுற்றும். அரைச் சாக்கு என்பது நாங்கள் பொறுக்கியது போக மிஞ்சியதுதான்.

இவ்வளவும் என் அறைக்குள் நடந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் மணம் வீடு முழுவதும் பரவியிருந்தது. மூன்றாம் நாள் அம்மா கதவடியில் வந்து நின்று, "என்ன மோனை, கராச்சு வைக்கப் போறியோ?" என்று கேட்டார். அம்மாவுக்கு இப்போது எண்பது வயது. அப்புவின் மூத்த பிள்ளை. மாமாவுக்கு ஏழு வயது மூத்தவர். நான் இரும்பைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உது லொறியிலை வந்த பெடியன் பூட்டினது. அப்பு கடையிலை இல்லை, சந்தைக்குப் போட்டார். வந்து பாத்திட்டு, வேம்பு நிலையிலை கேளாமல் ஓட்டை போட்டுப்போட்டான் எண்டு ஒரே பேச்சு. பிறகு கழட்டினால் ஓட்டை தெரியுமெண்டு விட்டவர்."

எப்போது என்று கேட்டேன்.

"நான் எஸ்.எஸ்.சி. எடுத்த வருசம். சத்தியாக்கிரகத்துக்கு அடுத்த வருசம். அதுக்கு முன்னம் எங்கடை கடையிலை போளைச் சோடாதான்."

சத்தியாக்கிரகம் என்று அம்மா சொன்னது யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் 1961 பெப்ரவரியில் தமிழரசுக் கட்சி தொடங்கியது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் போட்டு அதை முடித்தார்கள். அடுத்த ஆண்டு 1962. அம்மாவின் பரீட்சைச் சான்றிதழ் இடம்பெயர்வுகள் எல்லாவற்றையும் தாண்டி இன்னும் அலுமாரிக்குள் இருக்கின்றது, எடுத்துப் பார்த்தேன். 1962 டிசம்பர்.

"ஏனம்மா இதை அப்பவே சொல்லேல்லை?" என்றேன்.

"நீங்கள் இரண்டு பேரும் கேக்கேல்லையே. பேப்பரிலை வந்தாப் பிறகுதான் எனக்கு வாசிச்சுக் காட்டினனி. பேப்பரிலை வந்ததை நான் பிழை எண்டு சொல்லுறதோ?"

2017இல் அந்த இரும்பைக் கைத்துவாயில் சுற்றி நான் கொண்டுவந்து வைத்தது இதே வீட்டில். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ முதியவர்களின் திண்ணைகளில் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருக்கின்றேன். குசினிக்குள் இருந்தவரைக் கேட்கவில்லை. கடையைப் பற்றி மாமாவிடம் கேட்டால் போதும் என்று நினைத்தேன். கடை ஆண்களின் விடயம் என்ற எண்ணம் எனக்குள்ளும் இருந்திருக்கின்றது. கட்டுரையின் மூன்றாவது பிழை இது. அச்சில் தெரியாத பிழை என்பதால் இதுவரை யாரும் சுட்டிக் காட்டவில்லை.

மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாமாவிடம் போனேன். கடைச் சுவர் இடுப்பளவு எழுந்திருந்தது. அம்மா சொல்லி முடிக்கும்வரை மாமா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். 1962இல் அவருக்குப் பத்து வயது. பிறகு மெல்ல, "சிவப்பு லொறி" என்றார். "அந்தப் பெடியன் எனக்கு ஒரு போத்தல் சும்மா தந்தவன். மூக்காலை வந்திட்டுது. நீதானே அக்கா முதுகிலை தட்டினனி." இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப்பின் கடையைப் பற்றி அவர்கள் பேசியவற்றில் பாதி எனக்குப் புதிது. கடை முதலில் கிடுகுக் கொட்டிலாகத் தொடங்கியது அம்மா இரண்டாம் வகுப்பில் படித்தபோது. சீமெந்துத் தொழிற்சாலை இரவு வேலைக்காரருக்காக அப்பு விடியற்புறம் மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார். முதற் பால் கறந்து கொண்டுவருவது ஆச்சி. கடையின் கணக்குக் கொப்பி ஆச்சியிடம்தான் இருந்தது. அப்புவுக்குக் கடன் கேட்பவரை மறுக்கத் தெரியாது. அந்தக் கொப்பியையும் 1990இல் விட்டுவிட்டே வந்தோம்.

ரொறன்ரோவில் உள்ள மைத்துனிக்கு நான்தான் அறிவித்தேன். அவளுக்கு ஏமாற்றம். நூறு ஆண்டுக் கடை என்று அங்கே பலரிடம் சொல்லி விட்டாளாம். கட்டுரையை எழுதியவரே நீங்கள்தானே மச்சான் என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சுவரில் மாட்டியிருப்பதை எடுத்துவிடச் சொல்லவில்லை. இந்தப் பதிவையும் அதற்குப் பக்கத்தில் வைக்கும்படி கேட்டிருக்கின்றேன்.

பலகைக்காரர் பெயரை எழுதி முடித்துவிட்டார். 'நிறுவியது' என்பதற்குப் பின்னால் நான்கு இலக்கங்களுக்கு இடம் விட்டிருக்கின்றார். உறுதியின்படி 1951 என்று போடலாம் என்பது என் எண்ணம். காணி வாங்கிய உடனே கடை வைக்கவில்லை, அடுத்த ஆண்டுதான் கொட்டில் போட்டது என்கின்றார் அம்மா. மாமா பிறந்ததும் 1952 என்பதால் அவருக்கு அந்த ஆண்டில் ஒரு பிரியம் வந்திருக்கின்றது. ஓப்பினரைப் புதிய நிலையில் பூட்டுவதா என்பதிலும் முடிவில்லை. இப்போது வருகின்ற போத்தல்கள் பெரும்பாலும் பிளாஸ்ரிக், திருகு மூடி. பூட்டத்தான் வேண்டும் என்று அம்மா சொல்கின்றார். நிலை இம்முறையும் வேம்புதான். ஓட்டை போட மாமாவுக்கு மனமில்லை.